வெளிநாடு வந்ததும் சிசிஎன்ஏ எழுத நினைப்பவர்களுக்கு

புதிதாக வந்து, எப்படியாவது கணினிகளை இணைக்கும் நெட்வொர்க்கிங் வேலைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று தேடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வு) எழுதினால் வேலை கிடைக்குமா? எழுதுங்கள், பயன் உண்டு. ஆனால் சான்றிதழ் உங்களை நேர்முகத் தேர்வின் வாசல்வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். உள்ளே போய் வாயைத் திறந்து பேச வேண்டியது நீங்கள். அதனால் தேர்வுக்கு என்று தனியாகவும் வேலைக்கு என்று தனியாகவும் படிக்காமல், முதல் நாளிலிருந்தே இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

படிப்புக்கு முன்னால் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, வங்கிக் கணக்கில் அதுவே முன்பின்னாக மாறி இருக்கும். தேர்வுக்குப் பதிவு செய்யும் கணக்கில் உள்ள பெயரும், தேர்வன்று நீங்கள் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே விடாமல் போகலாம், கட்டிய பணமும் போய்விடலாம். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கணக்கைத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்து, இணையப் படிவம் அதைக் கட்டாயம் கேட்டால், நீங்களாக எதையும் போட்டு நிரப்பாமல் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகு தேதி பதிவு செய்யுங்கள். நான் இனிஷியலோடு கணக்கைத் தொடங்கிவிட்டு, தேர்வுக்கு முன் தற்செயலாகக் கவனித்து மாற்றினேன், மாற்றி வருவதற்கே பல நாட்கள் ஆயின. இன்னொன்று, விசா புதுப்பிக்க பாஸ்போர்ட்டை அனுப்பியிருக்கும் சமயத்தில் தேர்வுத் தேதி வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லாத நாட்டில் எழுதும்போது காலாவதியாகாத பாஸ்போர்ட்தான் தொல்லை தராத ஆவணம்.

சரி, எந்தத் தேர்வு? ஆரம்ப நிலையில் பரவலாக அறியப்பட்டவை இரண்டு. காம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள், 100 முதல் 900 வரையிலான அளவில் 720 வாங்கினால் தேர்ச்சி. சிஸ்கோவின் சிசிஎன்ஏ 120 நிமிடம், கட்டணம் 300 அமெரிக்க டாலர், இருக்கும் நாட்டைப் பொறுத்து வரி தனி. முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) என்றால் என்னவென்றே தெரியாத நிலையிலிருந்து தொடங்குகிறீர்கள், உதவி மேசை (ஹெல்ப் டெஸ்க்) வேலை கிடைத்தால் போதும் என்றால் நெட்வொர்க் பிளஸ் நல்ல தொடக்கம். நெட்வொர்க்குகளை இணைக்கும் ரவுட்டர், ஒரே நெட்வொர்க்கின் கருவிகளை இணைக்கும் சுவிட்ச் பக்கம்தான் போகப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டவர்கள் இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டாம், நேராக சிசிஎன்ஏவுக்குப் போகலாம் என்பது என் கருத்து. முடிவெடுப்பதற்கு முன் நீங்கள் இருக்கும் நகரத்தின் வேலை விளம்பரங்களில் ஒரு முப்பதை எடுத்து, எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் எழுதியது சிசிஎன்ஏ, அதனால் இனி அதைப் பற்றியே சொல்கிறேன்.

புத்தகம் இரவல் வாங்கினாலும் அட்டையில் 200-301 என்ற தேர்வு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2020 பிப்ரவரியோடு முடிந்துபோன 200-125 புத்தகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் 1.1 பதிப்பு வந்தபோது பாடத்திட்டத்தில் சில மாற்றங்கள் செய்தார்கள், சிஸ்கோ தளத்தில் இருக்கும் பாடத்திட்டத்தை இறக்கி அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதில் ஐபி இணைப்பு என்ற பகுதிக்கு மட்டும் 25 சதவீதம். அடிப்படைகள் 20, சுவிட்ச் சார்ந்த பகுதி 20, பாதுகாப்பு 15, ஐபி சேவைகளும் தானியக்கமும் பத்துப் பத்து. நேரத்தையும் ஏறக்குறைய இந்தக் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் பலரைப் பயமுறுத்துகிறது, ஆனால் அது வாய்ப்பாடு மாதிரி, கை பழகினால் போதும். 192.168.10.77/27 என்று கொடுத்து நெட்வொர்க் முகவரி கேட்கிறார்கள் என்று வையுங்கள். முகவரியின் 32 பிட்டில் நெட்வொர்க்கைக் குறிக்கும் 27 போனால் மீதி 5 பிட், இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32. அப்படியென்றால் நெட்வொர்க்குகள் 0, 32, 64, 96 என்று 32 விட்டு 32 போகும். 77 விழுவது 64-க்கும் 96-க்கும் நடுவில். நெட்வொர்க் 64, எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேர அனுப்பும் பிராட்காஸ்ட் 95, கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 94 வரை, மொத்தம் 30. அவ்வளவுதான் விஷயம். மூன்றாவது எண்ணில் வந்தாலும் இதே கதைதான்: 172.16.45.200/20 என்றால் மூன்றாவது எண்ணில் மீதி 4 பிட், அதனால் 16 விட்டு 16, 45 இருப்பது 32-க்கும் 48-க்கும் இடையில், ஆகவே நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255. தினமும் காலையில் பத்துக் கணக்கு தாளில் போடுங்கள், ஒரு கணக்கு முப்பது விநாடிக்குள் முடிகிற வரைக்கும் விடாதீர்கள், ஏனென்றால் தேர்வில் ரவுட்டிங் (வழி தேர்வு) கேள்விக்குள்ளும் ஏசிஎல் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்) கேள்விக்குள்ளும் இதே கணக்கு ஒளிந்துகொண்டு வரும்.

அப்புறம் லேப், அதாவது செய்முறைப் பயிற்சி. காணொளிகளை ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டு எல்லாம் புரிந்துவிட்டது என்று நான் நம்பியதுதான் முதல் முறை தோற்றதற்குக் காரணம். கணினித் திரையிலேயே நெட்வொர்க்கைக் கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் கிடைக்கும், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். அதில் பாடத்தில் சொன்னபடி நெட்வொர்க்கைக் கட்டி, இணைப்பைச் சோதிக்கும் பிங் போவதைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். வேண்டுமென்றே எதையாவது கெடுத்துப் பாருங்கள். இரண்டு ரவுட்டருக்கு நடுவில் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஹலோ நேரத்தை (அண்டை ரவுட்டருக்கு ஹலோ செய்தி அனுப்பும் இடைவெளி) 10 விநாடியிலிருந்து மாற்றுங்கள், அல்லது ஏரியா எண்ணை மாற்றுங்கள், அண்டை உறவு அறுந்துபோகும். நிலையைக் காட்டும் எந்த ஷோ கட்டளையில் அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். பல விலான்களை (ஒரே சுவிட்சில் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) சுமக்கும் ட்ரங்க் இணைப்பின் இரு முனையிலும் நேட்டிவ் விலான் (குறி இல்லாமல் போகும் விலான்) வேறு வேறாக இருந்தால் என்ன எச்சரிக்கை வருகிறது என்று பாருங்கள். ஒரே இடத்துக்கு /8 வழியும் /24 வழியும் இருந்தால் ரவுட்டர் எதை எடுக்கிறது? எந்த நெறிமுறை சொன்னது என்பது பிறகு, நீளமான முன்னொட்டுதான், அதாவது /24தான், முதலில் ஜெயிக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு மறக்காது.

லேப் முடிந்ததும், என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதை ஆங்கிலத்தில் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். நமக்கு விஷயம் தெரிந்திருக்கும், வாக்கியம் நடுவில் நின்றுவிடும். உலாவியில் ஒரு தள முகவரியைத் தட்டினால் பக்கம் வரும்வரை என்னென்ன நடக்கிறது என்பது நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி. தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித்தரும் டிஎன்எஸ்ஸில் தொடங்கி, வெளியே போகும் வாசலான கேட்வேயின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) ஏஆர்பி கண்டுபிடிப்பது, இணைப்பைத் தொடங்கும் டிசிபியின் மூன்று படி கைகுலுக்கல், தரவை மறையாக்கும் டிஎல்எஸ் என்று தடங்கலின்றி மூன்று நிமிடம் பேச முடிகிறதா? முடிகிறவரை திரும்பத் திரும்பப் பேசுங்கள்.

உண்மையான தேர்வுக் கேள்விகள் என்று டம்ப்ஸ் விற்கிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், தடையும் வரலாம். பிடிபடாமல் பாஸானாலும் முதல் நேர்முகத் தேர்விலேயே தெரிந்துவிடும்.

தேர்வை வீட்டிலிருந்தும் எழுதலாம், மையத்துக்குப் போயும் எழுதலாம். அறையைப் பகிர்ந்து தங்கியிருப்பவர்கள் தயவுசெய்து மையத்துக்கே போங்கள். வீட்டில் எழுதும்போது அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, மேசையில் ஒன்றும் இருக்கக்கூடாது, கேள்வியை முணுமுணுத்துப் படித்தாலே எச்சரிப்பார்கள். மையத்தில் எழுதி அழிக்கிற பலகை தருவார்கள், சப்நெட்டிங்குக்கு அது பெரிய ஆறுதல்.

முக்கியமான ஒன்று: சிசிஎன்ஏவில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. நான் முதல் முறை ஒரு லேப் கேள்வியிலேயே இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டேன், கடைசிப் பத்துக் கேள்விகளைப் படிக்கவே நேரம் இல்லை. எந்தக் கேள்வியும் பத்து நிமிடத்துக்கு மேல் போனால், செய்தவரை சேமித்துவிட்டு நகருங்கள். தோற்றால் ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம், மறுபடியும் முழுக் கட்டணம். மதிப்பெண் அறிக்கையில் பகுதிவாரியாக சதவீதம் இருக்கும், அதில் குறைந்த இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டாம். நான் ஆறு வாரம் எடுத்துக்கொண்டு இரண்டாவது முறை பாஸானேன்.

சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், அதற்குள் வேறொரு தேர்வு எழுதியோ 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தோ புதுப்பிக்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்க சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள், தேர்வுத் தேதி பதிவானதுமே பயோடேட்டாவில் அந்த மாதத்தைக் குறிப்பிட்டு, நீங்கள் கட்டிய லேப்களில் இரண்டைக் கீழே நாலு வரியில் எழுதி அனுப்பத் தொடங்குங்கள். எனக்கு முதல் அழைப்பு வந்தது தேர்வுக்கு ஒன்பது நாள் முன்னால், அவர்கள் கேட்டதெல்லாம் அந்த நாலு வரியைப் பற்றித்தான்.