1844க்குப் பிறகு யாழ்ப்பாணத்து அடிமைகள் எங்க போனவை?

கேள்வி: 1844ல பிரித்தானிய அரசு கொண்டுவந்த 20ஆம் இலக்கச் சட்டம் அடிமைமுறையை ஒழிச்சதெண்டால், அடிமைச் சாதியளா இருந்த கோவியர், நளவர், பள்ளர் அதுக்குப் பிறகு வெளிக்கிட்டுப் போனவையோ?

பதில்: பெரும்பாலும் இல்லை. சட்டம் ஆளை விட்டது, காணி குடுக்கேல்லை. குடிசை நிண்டது காணிக்காரர் வளவில. சீவின பனையும் காணிக்காரற்றை. முரண்டினால் வீடும் தொழிலும் ஒண்டாப் போகும். கிணத்துத் துலாவையும் தொட ஏலாது. ஆரும் அள்ளி வார்க்குமட்டும் குடத்தோட நிக்கவேணும்.

பதில்: 1844ஐ மட்டும் பாத்தால் பிழையா விளங்கும். 1821லயே பிறக்கிற பெண்பிள்ளையளை அரசு விலைகுடுத்து மீட்கத் தொடங்கீற்றுது: கோவியப் பிள்ளைக்கு 3 இறைசால் (அந்தக்காலக் காசு), மற்றவைக்கு 2. அடிமைத்தனம் தாய்வழியா இறங்கினதாலதான் பெண்பிள்ளை.

பதில்: மூண்டு பேரையும் ஒண்டாக் கதைக்காதேங்கோ. கோவியர் வீட்டுக்குள்ள புழங்கினவை, கோயிலுக்கும் போகலாம். மற்ற ரெண்டு பேருக்கும், சாதி பாத்துத் தடுக்கிறதுக்கு எதிரான 1957ச் சட்டம் இருந்தும், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரக் கோயில் வாசல் 1968லயும் பூட்டு.