மழைக்கு முன் தெருவின் மருத்துவப் பட்டியல்: எதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும்?

வேளச்சேரி மகள்:
எங்கள் தெருவில் 42 வீடுகள். அப்பாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதில் இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிப்பது). 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள், ஒரு திங்கட்கிழமை. வாசலில் இடுப்பளவு தண்ணீர். புதன் மதியம்தான் படகு வந்தது. அதுவரை கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியதால், இரண்டு இரவும் சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். அவருடைய மையத்தில் ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்ததால் மூழ்கிவிட்டது. வேறு மையத்தில் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளைக் கேட்டார்கள். அந்தக் கோப்பு அலமாரியின் அடித்தட்டில் கூழாகிக் கிடந்தது.

அக்டோபருக்குள் வீடுவீடாகப் போய் ஒரு பட்டியல் எடுக்கப்போகிறேன். என்ன கேட்பது, யாரிடம் கொடுப்பது?

டயாலிசிஸ் டெக்னீஷியன், பெரம்பூர்:
சகோதரி, அந்த முடிவுகளைக் கேட்காமல் எந்த மையமும் சேர்க்காது. ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள் காமாலைத் தொற்று இருப்பவருக்குத் தனி இயந்திரம் வேண்டும். நகலை பாலித்தீன் உறையில் போட்டு, அப்பாவின் டிரை வெயிட்டையும் (உடலில் தேங்கிய நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) எழுதி வையுங்கள். உங்கள் மையத்தில் ஜெனரேட்டரை மட்டும் விசாரித்தால் போதாது. ஒருவருக்கு ஒரு முறை செய்யவே சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். தண்ணீர் லாரி வராவிட்டால் மின்சாரம் இருந்தும் பயனில்லை. புயல் எச்சரிக்கை வந்த உடனே, ஒரு நாள் முன்னதாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். இன்னொன்று: நிவாரணமாக வரும் வாழைப்பழத்தையும் இளநீரையும் அப்பாவுக்குத் தராதீர்கள். அவற்றில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடலாம்.

ஓய்வுபெற்ற செவிலியர், சைதாப்பேட்டை:
2015 வெள்ளத்தில் முகாமுக்கு வந்தவர்கள் ரேஷன் கார்டைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். என்ன மருந்து என்று கேட்டால், "சின்ன வெள்ளை மாத்திரை" என்றார்கள். சர்க்கரைக்கா, அழுத்தத்துக்கா, வலிப்புக்கா என்று தெரியாமல் தவித்தோம். அதனால் மாத்திரை அட்டையில் பெயரும் மில்லிகிராமும் உள்ள பகுதியை வெட்டி ஒரு சீட்டில் ஒட்டச் சொல்லம்மா. உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் குளிர்பெட்டி இல்லாமலும் சுமார் நான்கு வாரம் தாங்கும். வெயில் படாமல், ஈர மண்பானைக்குள் வைக்கலாம். பனிக்கட்டி மேல் வைத்து உறையவிட்டால் கெட்டுவிடும். ஒன்பதாம் மாதக் கர்ப்பிணிகளை மழைக்கு முன்பே உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடு.

பட்டியலை உங்கள் வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரில் கொடு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடமும் சொல்; சர்க்கரை, அழுத்தக்காரர்களை அவளுக்குத் தெரியும். மாநகராட்சியின் 1913, ஆம்புலன்ஸ் 108 இரண்டையும் சீட்டிலேயே எழுது. பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதே; யாருக்கு என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். காசநோய் என்று தெரிந்ததும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன கதை எனக்குத் தெரியும்.

வேளச்சேரி மகள்:
நன்றி அம்மா, நன்றி அண்ணா. இன்று எட்டு வீடு முடிந்தது. மூன்றாவது வீட்டுப் பெரியவர் இரவெல்லாம் ஆக்சிஜன் இயந்திரத்தில் இருக்கிறாராம். பதினொரு வருட அண்டை வீடு, எனக்குத் தெரியவில்லை. மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் மனைவி பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாற்றுச் சிலிண்டர் ஒன்றை மாடியில் வைக்க நாளை விசாரிக்கிறோம்.