பின்னால் போகும் அம்புக்குறி மங்கிக் கிடக்கிறது, என்ன செய்வது?

முல்லை58: வணக்கம். மகன் கொடுத்த லேப்டாப்பில், இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் குரோம் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு நீளமான கட்டுரையைப் பாதி படித்தபோது, நீல எழுத்தில் இருந்த சொல்லை அழுத்தினேன். வேறு பக்கம் வந்தது. திரும்பலாம் என்று இடது மூலை அம்புக்குறியை அழுத்தினால் அசையவே இல்லை. சாம்பல் நிறத்தில் கிடந்தது. பதறிப்போய் வலது மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்த, எல்லாமே மூடிக்கொண்டது. மற்ற நேரங்களில் அதே அம்புக்குறி வேலை செய்கிறதே! கெட்டுவிட்டதா?

கணினித்தோழன்: எதுவும் கெடவில்லை அம்மா. அந்தப் பக்கம் புது டேபில் திறந்திருக்கிறது. மேலே வரிசையாகத் தெரிகிறதே, அதில் ஒவ்வொன்றும் ஒரு டேப். ஒவ்வொரு டேபும் தான் வந்த வழியை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும். புது டேபுக்கு முந்தைய பக்கமே கிடையாது, அதனால்தான் அம்புக்குறி மங்கியிருந்தது. உங்கள் கட்டுரை பக்கத்து டேபில் அப்படியே இருந்திருக்கும். இனி அம்புக்குறி மங்கலாகத் தெரிந்தால் முதலில் மேலே பாருங்கள். மூடுவதென்றால் அந்த டேபின் மேலுள்ள சின்னப் பெருக்கல் குறி போதும்; வலது மூலையில் இருப்பது எல்லா டேபையும் சேர்த்து மூடிவிடும்.

முல்லை58: புரிந்தது தம்பி. மூடிய கட்டுரை போனது போனதுதானா?

கணினித்தோழன்: இல்லை. குரோமைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு டி (T) அழுத்துங்கள். கடைசியாக மூடியது திரும்பி வரும். இடையில் வேறு டேபுகளை மூடியிருந்தால் முதலில் அவை வரும்; கட்டுரை வரும்வரை அழுத்துங்கள். வராவிட்டால் கன்ட்ரோலையும் எச் (H) விசையையும் சேர்த்து அழுத்துங்கள்: பார்த்த பக்கங்கள் நாள்வாரியாக இருக்கும்.

வைகைக்கரை: இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன் அம்மா. விண்ணப்பம் நிரப்பும்போது மட்டும் பின்னால் போகாதீர்கள், தட்டச்சு செய்தது அழிந்துபோகலாம். முன்பு பேக்ஸ்பேஸ் விசையும் முந்தைய பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். பலருக்கு இப்படி எழுதியது பறிபோனதால்தான் 2016இல் குரோமில் அந்த வசதியை எடுத்தார்கள். அப்புறம், பல பக்கம் தாண்டித் திரும்ப வேண்டுமானால் அம்புக்குறியை அழுத்திப் பிடியுங்கள். வந்த பக்கங்களின் பெயர்கள் வரிசையாக விரியும்.

முல்லை58: கட்டுரை வந்துவிட்டது! அம்புக்குறியை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், அதற்கு முன் படித்த கொள்ளு ரசக் குறிப்பும் வரிசையில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இந்த விசைகளைத் தாளில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிவிட்டேன்.