எபர்பாக் மடாலயம்: மது அருந்தாதவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் பிராங்க்ஃபர்ட்டுக்கு வரும் என் அம்மாவை, ஜெர்மனியின் ரைன்காவ் பகுதியிலுள்ள எபர்பாக் மடாலயத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். கோயிலுக்குப் போனால் தூண் தூணாக நின்று பார்ப்பவர் அவர். ஆனால் மதுவின் வாடையே அவருக்கு ஆகாது. நான் படித்த குறிப்புகள் எல்லாம் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை மதுவின் சுவைப்பைப் பற்றியே பேசுகின்றன. அரை நாள் செலவிட வேறு ஏதேனும் உண்டா? அவருக்கு மூட்டுவலியும் இருக்கிறது.

பதில் 1

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் தேவாலயத்தின் தூண்களில் சிற்பம் இருக்காது என்று முன்பே சொல்லிவிடுங்கள். 1136இல் இம்மடத்தை நிறுவிய கிளேர்வோ மடத்துப் புனித பெர்னார்து, மடங்களின் தூண்களில் குரங்கையும் சிங்கத்தையும் செதுக்குவது துறவியின் கவனத்தைக் கலைக்கும் என்று கடிந்து எழுதியவர். 1186இல் திருநிலைப்படுத்தப்பட்ட அந்தத் தேவாலயத்தில் வெறுங்கல்லும் வெளிச்சமுமே மிச்சம். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

தவறவிடக் கூடாதது துறவிகளின் உறங்குகூடம். ஏறத்தாழ 72 மீட்டர் நீளமுள்ள அக்கூடத்தில் தரை மெல்ல உயர்ந்துகொண்டே போக, அதற்கேற்பத் தூண்கள் குட்டையாகிக்கொண்டே வருவதால், வாசலில் நிற்பவருக்குக் கூடம் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும். நான் மறுமுனைவரை நடந்து போய்க் கடைசித் தூணின் அருகில் நின்ற பிறகே அந்தச் சூட்சுமம் பிடிபட்டது.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன்; ஆயினும் மதுவை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தைப் புரிந்துகொள்ள இயலாது. பொதுநிலைச் சகோதரர்கள், அதாவது மடத்தின் உடலுழைப்பு வேலைகளைச் செய்தவர்கள், உணவருந்திய கூடத்தில் இன்று திராட்சை பிழியப் பயன்பட்ட பன்னிரண்டு பெரிய மரப் பிழிபொறிகள் நிற்கின்றன. அவற்றுள் மிகப் பழையது 1668ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊரில் மரச்செக்கைப் பார்த்து வளர்ந்தவருக்கு, அந்த உத்தரங்களின் பருமனும் ஆளுயரத் திருகாணியும் விளக்கமின்றியே புரியும். மது அங்கே ஒரு சொட்டும் இல்லை.

1803இல் மடம் கலைக்கப்பட்டபோது அதன் திராட்சைத் தோட்டங்கள் நாசாவ் என்ற ஜெர்மானியச் சிற்றரசின் கைக்குப் போயின. கட்டடத்தின் ஒரு பகுதி பிறகு சிறையாகவும் இருந்தது. இப்போது அங்கே துறவிகள் எவரும் இல்லை என்பதால், வழிபாட்டு நேரத்துக்கு இடையூறாகுமோ என்ற தயக்கம் வேண்டாம். சற்றுத் தள்ளி, மதில் சூழ்ந்த ஸ்டைன்பெர்க் தோட்டத்தையும் வெளியிலிருந்தாவது பாருங்கள்.

பதில் 3

மூட்டுவலியைப் பற்றி எவரும் சொல்லவில்லையே. உறங்குகூடம் மேல்தளத்தில் இருப்பதால் படியேற வேண்டும். ஆகவே அதை முதலில் முடித்துவிட்டு, பிழிபொறிக் கூடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் பக்கத்து ஊரான எல்ட்வில் வரை வந்து, அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். கோடையிலும் உள்ளே குளிரும். அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. செக்கு என்றதும் அம்மா தொலைபேசியிலேயே கிளம்பிவிட்டார்.