பழைய மிச்செல் 300 தூண்டில் றீல் இறுகிச் சுத்துது: எப்பிடிக் கழட்டிப் பூட்டுறது?

பண்ணைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். பிரான்சில செய்த கறுப்பு மிச்செல் 300 ஒண்டு கையில இருக்கு, இடக்கைப் பிடி. கனகாலம் பெட்டிக்குள்ள கிடந்தது. பிடியைச் சுத்தினால் களிக்குள்ள கிண்டுற மாதிரி இறுக்கம். சுத்துக்கு ஒருக்கா ஒரே இடத்தில ‘கடக்’ எண்டு தட்டுது. நூலைப் பிடிக்கிற பெயில் கம்பி பாதியில நிண்டிடுது, கையால தள்ளித்தான் மூட வேண்டிக் கிடக்கு. பின்பக்கம் சுத்தாமல் தடுக்கிற பூட்டு சிலவேளை பிடிக்குது, சிலவேளை வழுக்குது. பக்கத்தட்டு ஆணி ஒண்டு அசையுதே இல்லை, அதைச் சுத்தி வெள்ளைத் தூள் பூத்திருக்கு. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில கொடுவாய் மீனுக்கும் சின்னப் பாரை மீனுக்கும் பாவிக்கிற எண்ணம். எதில தொடங்க வேணும்? எதைத் தொடக் கூடாது? நூலுக்குத் தங்கூசி (நைலோன் ஒற்றை இழை) நல்லதோ, பிறெயிட் (பின்னின நூல்) நல்லதோ?

உப்புக்காத்து:
தம்பி, முதல்ல அந்த ஆணியைப் பாருங்கோ. வெள்ளைத் தூள் அலுமினியம் அரிச்சு வந்தது. உருக்கும் அலுமினியமும் உப்புத்தண்ணியில ஒண்டையொண்டு தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுறது அலுமினியம்தான். அந்தத் தூள் மரைக்குள்ள ஊதி ஆணியைக் கவ்விப் பிடிக்கும். பலத்தைக் காட்டினால் ஒண்டில் ஆணித்தலை தேயும், இல்லாட்டி உடலில இருக்கிற மரை பிடுங்கிக்கொண்டு வரும். தூளைப் பழைய பல்துலக்கி பிறஸ்ஸால தட்டிப்போட்டு, துருக்கழட்டி எண்ணெய் ஒரு துளி விட்டு இரவு முழுக்க வையுங்கோ. காலமை எண்ணெயை வடிவாத் துடைச்சுப்போட்டு, சூடான சோல்டரிங் அயன் முனையை ஆணித்தலையில மட்டும் ஒரு நிமிசம் பிடியுங்கோ. ஆறினாப் பிறகு திரும்ப ஒரு துளி. திருப்புளியின்ர வாய் ஆணி வெட்டை முழுக்க நிரப்ப வேணும், ஒடுங்கின வாயெண்டால் வெட்டுத்தான் கிழியும். எடுத்த உடன கழட்டப் பாக்காதேங்கோ. இறுக்குற பக்கம் ஒரு மயிரிழை அசைச்சு, பிறகு மறுபக்கம். சிலபேர் பிரேக் ஒயில் விடச் சொல்லுவினம், விட்டால் கறுப்புப் பெயின்ற் தோலாக் கழண்டுவிடும்.

பிடி மரையில பூட்டுறது. நூல் சுத்துற திசைதான் அது இறுகுற திசை. பின்பூட்டை விடுவிச்சு, ரோட்டரை (பெயிலோட சேந்து சுத்துற தலையை) ஒரு கையால பிடிச்சுக்கொண்டு, பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். தட்டு திறந்த உடன ஒண்டையும் தொடாமல் போனில ரெண்டு பக்கத்தாலயும் படம் எடுங்கோ. பெரிய கியரும் பினியனும் (அது சுத்துற சின்னக் கியர்) கடிச்சுக்கொண்டு நிக்கிற பல்லுகளில மார்க்கர் பேனையால புள்ளி வையுங்கோ. கனகாலம் சேந்து தேஞ்ச பல்லுகள், பழைய இடத்திலேயே சேந்தால்தான் சத்தம் குறையும்.

ஒரு முக்கியமான விசயம். பெரிய கியரின்ர முதுகில கடதாசி மொத்தத்தில ஒண்டோ ரெண்டோ வாசர் இருக்கும். பழைய கிறீஸில ஒட்டிக்கொண்டு கியரின்ர நிறத்திலேயே நிக்கும், இருக்கிறதே தெரியாது. மண்ணெண்ணெய்க்குள்ள போட்ட உடன கழண்டு அடியில போயிடும், கழுவின எண்ணெயை ஊத்தேக்க அதோட போயிடும். வெள்ளைப் பீங்கான் கோப்பையில கழுவுங்கோ, துணியால வடிச்சு ஊத்துங்கோ. அந்த வாசர் இல்லாமல் பூட்டினால் கியர் ஆழமாக் கடிக்காமல் நுனியில ஓடும், பல்லு சீக்கிரம் போயிடும்.

மூண்டாம் முனை:
மேல சொன்னதெல்லாம் சரி. ரோட்டரை மட்டும் இப்போதைக்குக் கழட்டாதேங்கோ. ‘கடக்’ பிடிச் சுத்துக்கு ஒருக்கா வாறதெண்டால் கோளாறு பெரிய கியரிலதான்: ஒண்டில் பல்லுக்கிடையில காஞ்ச கட்டி, இல்லாட்டி நசிஞ்ச பல்லு. ஒரு சுத்துக்குள்ள பலதரம் தட்டினால்தான் பினியனையும் ரோட்டர் பெயாரிங்கையும் சந்தேகப்பட வேணும். ரோட்டர் நட்டின்ர மரைத் திசை றீலுக்கு றீல் மாறும். தேவையில்லாமல் அதோட மல்லுக்கட்டினால் நல்லா இருந்த சாமானும் பழுதாகும்.

மண்ணெண்ணெயில கழுவினது போதாது. பாத்திரம் கழுவுற சோப்பும் இளஞ்சூட்டுத் தண்ணியும் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேணும். அதுக்கு மழைத்தண்ணி பாவியுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு, கரைப்பக்கமெண்டால் உவரும் சேரும். காஞ்சாப் பிறகு பெயாரிங்குக்குள்ள வெள்ளைப் படை நிக்கும், கழுவினதே வீண். ட்றாக் (மீன் இழுக்கேக்க நூலை இறுக்கமா விட்டுக் குடுக்கிற பிறேக்) வாசர் துணியிலயோ தோலிலயோ செய்ததெண்டால் மண்ணெண்ணெய் காட்டவே கூடாது.

உள்ளுக்குள்ள கிறீஸ் கியர்ப் பல்லுக்கு மட்டும், அரைப் பயறளவு எடுத்துப் பல்லெல்லாம் மெல்லிசாப் படரப் பூசினால் காணும். படகு எஞ்சினுக்குப் பாவிக்கிற தண்ணிக்கு நிக்கிற கிறீஸ் நல்லம். பின்பூட்டு நாக்கிலயும் அதின்ர சின்ன ஸ்பிறிங்கிலயும் கிறீஸ் படக் கூடாது. உங்கட பூட்டு வழுக்குறதுக்குக் காரணம் அனேகமா இதுதான்: தடிச்ச கிறீஸுக்குள்ள நாக்கு நேரத்துக்கு விழுகுதில்லை. அதுக்கும் பெயிலில நூல் ஓடுற உருளைக்கும் பெயில் மூட்டுகளுக்கும் தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு துளி. தேங்காயெண்ணெய் எந்த இடத்துக்கும் வேண்டாம், நாள்பட்டுப் பசையாகி உங்கட றீல் இப்ப இருக்கிற நிலைக்குத்தான் திரும்பக் கொண்டுவரும்.

பண்ணைக்கரை:
ரெண்டு அண்ணைமாருக்கும் நன்றி. ஆணி கழண்டுது. பல்லு எல்லாம் முழுசா இருக்கு, ஒரு இடத்தில மட்டும் மெழுகு போல கட்டி, ஊசியால கிண்டி எடுத்தன். வாசர் ரெண்டும் பத்திரம். பெயில் ஸ்பிறிங்கின்ர ஒரு கால் முறிஞ்சிருக்கு. இங்க அந்தச் சாமான் வாங்கேலாது. வேற ஸ்பிறிங் பொருந்துமோ?

உப்புக்காத்து:
பொருந்தும், நாலு அளவும் சரியா இருந்தால்: கம்பி மொத்தம், சுருளின்ர உள்விட்டம், சுத்து எண்ணிக்கை, சுத்தின பக்கம். வேர்னியர் அளவுகோலால கம்பியை அளவுங்கோ. ஸ்பிறிங்கின்ர விறைப்பு கம்பி மொத்தத்தின்ர நாலாம் அடுக்குக்குக் கூடும். 1 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதில் 1.1 போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட ஒண்டரை மடங்காகும், பெயில் அடிச்சு மூடி மற்ற மூட்டுகளை உடைக்கும். சுத்தின பக்கம் அதைவிட முக்கியம். பெயிலைத் திறக்கேக்க சுருள் இறுக வேணும், விரியக் கூடாது. விரியிற பக்கம் போட்டால் கெதியில முறியும். ஸ்ரெயின்லெஸ் ஸ்பிறிங் கம்பியில சுத்துவிக்கலாம், சாதாரண கட்டுக்கம்பி ஒருநாளும் சரிவராது.

ஸ்பிறிங் மாத்தியும் பெயில் பாதியில நிண்டால் மூட்டு ஆணியைக் கழட்டி அடியில பாருங்கோ. அங்கயும் அதே வெள்ளைத் தூள் இருக்கும். பூட்டேக்க எல்லா ஆணி மரையிலயும் கொஞ்சம் கிறீஸ் தடவிப் பூட்டினால் அடுத்த முறை சோல்டரிங் அயன் தேவைப்படாது.

மூண்டாம் முனை:
நூல் விசயம்: தங்கூசி போடுங்கோ. இந்த றீல் வந்த காலத்தில நைலோன் நூல்தான். பிறெயிட் மெல்லிசு, பழைய உருளை சுழலாமல் நிண்டால் ஒரே இடத்தில அறுத்துக் கோடு போடும், பேந்து அந்தக் கோடே நூலை அறுக்கும். நகத்தால உருளையைத் தடவிப் பாருங்கோ, நகம் மாட்டினால் உருளை மாத்த வேணும்.

பண்ணைக்கு 10 றாத்தல் பாரம் தாங்கிற தங்கூசி காணும். நூல் சுத்தி வைக்கிற ஸ்பூலின்ர விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கீழ நிப்பாட்டுங்கோ, நிரம்பினால் எறியேக்க கொத்தாக் கழண்டு சிக்கும். ட்றாக்கை விற்றராசால அளந்து வையுங்கோ: நூல் தாங்கிற பாரத்தில கால்வாசியில இருந்து மூண்டில ஒண்டு வரை, 10 றாத்தலுக்கு 1.1 இல இருந்து 1.5 கிலோ. இழுக்கேக்க தராசு முள்ளு துள்ளித் துள்ளிப் போனால் வாசரில இன்னும் பசை இருக்கு, திரும்பக் கழட்டித் துடைக்க வேணும். பிடிச்சு முடிஞ்சு வந்தால் ட்றாக்கை இறுக்கி வைச்சு ஈரத்துணியால துடையுங்கோ, பைப்பால பீச்சி அடிச்சால் உப்பு உள்ளுக்குப் போகும். காஞ்சாப் பிறகு ட்றாக்கை முழுசாத் தளத்தி வையுங்கோ, இறுகினபடி கிடந்தால் வாசர் நசிஞ்சு ஒட்டிப்போகும்.