ஸ்கார்பரோவில் பழைய வீடு பார்க்கிறீர்களா? இன்ஸ்பெக்‌ஷனை மட்டும் விட்டுவிடாதீர்கள்

டொராண்டோ வந்து கொஞ்ச காலம் வாடகையில் இருந்துவிட்டு, ஸ்கார்பரோ பக்கம் 60, 70களில் கட்டிய வீட்டுக்கு ஆஃபர் போடத் தயாராகும் எல்லோருக்கும் வரும் கேள்விதான் இது: "இன்ஸ்பெக்‌ஷன் கண்டிஷன் வைத்தால் வீடு கைநழுவிப் போகும் என்கிறார் ஏஜென்ட், விட்டுவிடலாமா?"

விடாதீர்கள். அந்தக் கண்டிஷன் என்பது, குறித்த நாட்களுக்குள் இன்ஸ்பெக்டரை வைத்து வீட்டைப் பார்த்துத் திருப்தியானால்தான் வாங்குவேன் என்று ஆஃபரில் எழுதுவது. அது இல்லாமல் ஒன்டாரியோவில் பழைய வீட்டுக்குக் கையெழுத்து போட்டுவிட்டால், மனசு மாறியது என்று திரும்பி வர முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 முதல் மூன்று வேலை நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் பின்வாங்கினாலும் விலையில் 0.25 சதவீதம் கட்ட வேண்டும். இங்கே அதுவும் இல்லை. கண்டிஷன் இல்லாமல் வாங்கிவிட்டுப் பின்வாங்கினால் டெபாசிட் போகும், அதோடு விற்பவர் வழக்கும் போடலாம். போட்டி பலமாக இருந்தால், விற்பவரின் அனுமதி வாங்கி ஆஃபருக்கு முன்பே சொந்தச் செலவில் ஆளைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிடுங்கள். சில நூறு டாலர் ஆகும், வீடு கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போனதுதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

யாரைக் கூப்பிடுவது? ஒன்டாரியோவில் ஹோம் இன்ஸ்பெக்டருக்கு மாகாண லைசென்ஸ் முறை இன்னும் நடைமுறையில் இல்லை, அதனால் யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். ஆர்.எச்.ஐ. (Registered Home Inspector) என்ற தொழில்முறைத் தகுதி இருக்கிறதா, தொழில் காப்பீடு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வீடு விற்றால்தான் கமிஷன் என்று இருக்கும் ஏஜென்ட் கைகாட்டும் ஆளை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ரெனோவேஷன் வேலை தெரிந்த மாமா பையன் சும்மா வந்து பார்த்துத் தருகிறேன் என்பார், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், இன்ஸ்பெக்டரையும் தனியாக வையுங்கள்.

செங்கல், சிமென்ட் வீட்டில் வளர்ந்த நமக்கு இங்கே கண் சரியாகப் பழகியிருக்காது. இங்கே உள்ளே மரச்சட்டம், அதன்மேல் ட்ரைவால் என்னும் ஜிப்சம் பலகை, அதன்மேல் புது பெயின்ட். கிச்சன் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடுவோம், விஷயமோ சுவருக்குள் இருக்கிறது.

முதலில் வயரிங். 1950க்கு முந்தைய வீடென்றால் பீங்கான் குமிழ்களில் இழுத்த நாப் அண்ட் டியூப் வயர் இருக்கலாம். 60களின் நடுவிலிருந்து 70களின் கடைசி வரை கட்டியதென்றால் அலுமினிய வயர் இருக்கலாம். ஸ்கார்பரோவின் மால்வர்ன் பக்கம் 70களில் எழுந்த வீடுகளைப் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகம் விரிந்து சுருங்கும், நாளடைவில் இணைப்பு தளர்ந்து அந்த இடம் சூடேறும், தீ பிடிப்பதும் அப்படித்தான். பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) இருக்கும் அறையின் மூடாத கூரையில் ஓடும் கேபிளின் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள், அலுமினியம் என்று உறையிலேயே அச்சடித்திருக்கும். அதற்காக வீட்டையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் முறையான கனெக்டர் போட்டு, இணைப்புகளின் நுனியில் சிறு செம்பு வயர் துண்டை இணைத்துத் தருவார். கண்டிஷன் காலத்துக்குள்ளேயே காப்பீட்டு புரோக்கருக்கு போன் போட்டு, வீடு கட்டிய வருடத்தையும் வயரிங் வகையையும் சொல்லி பாலிசி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். காப்பீடு இல்லையென்றால் பேங்க் கடன் பணத்தை விடாது.

அடுத்தது தண்ணீர். 2013 ஜூலையில் ஒரே மாலையில் கொட்டிய மழையில் இந்த ஊரில் எத்தனையோ பேஸ்மென்ட்கள் மூழ்கின. சுவரின் அடிப்பகுதியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, ஃபர்னஸின் அடித் தகட்டில் துரு ஏறியிருக்கிறதா, கீழே ஒரு அடிக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வாசலில் பெரிய மேப்பிள் மரம் நிற்கும் பழைய வீடென்றால் சாக்கடைக் குழாய் களிமண் குழாயாக இருக்க வாய்ப்பு உண்டு, அதன் இணைப்புகளில் வேர் புகுந்துவிடும். கேமரா விட்டுப் பார்ப்பது சாதாரண இன்ஸ்பெக்‌ஷனில் சேராது, தனிக் காசு. கொடுங்கள்.

பரணில் பழுப்பும் சாம்பலுமாக மினுங்கும் சிறு கற்கள் மாதிரி இன்சுலேஷன் கிடந்தால் அது வெர்மிகுலைட், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அதில் கலந்திருக்கலாம். கிளறாமல் லேபில் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம் பேஸ்மென்ட் வாடகை. அதை நம்பித்தானே பலரும் மார்ட்கேஜ் கணக்கே போடுகிறோம்! தனி வாசல் இருப்பதால் மட்டும் அது சட்டப்படியான யூனிட் ஆகிவிடாது. அதை இன்ஸ்பெக்டர் உறுதிசெய்து தரமாட்டார், பெர்மிட் காகிதத்தை விற்பவரிடம் கேளுங்கள், நகராட்சியிலும் விசாரியுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று கட்டாயம் கூடவே இருங்கள், ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். குடும்பத்தோடு போகாதீர்கள், சாமி அறை எந்தப் பக்கம் என்ற பேச்சு வந்தால் இன்ஸ்பெக்டர் சொல்வது காதில் விழாது. அவர் சுவரை உடைத்துப் பார்க்கமாட்டார், கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுவார். அதனால் எங்கெங்கே பார்க்க முடியவில்லை என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் பெரிய செலவு தெரிந்தால் விற்பவரையே சரிசெய்யச் சொல்வதைவிட விலையைக் குறைக்கக் கேட்பது நல்லது, வீட்டை விட்டுப் போகிறவர் எங்கே மலிவோ அங்கேதான் ஆள் பிடிப்பார். வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ் சொந்தமா வாடகையா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்த மாதத் தவணை உங்கள் தலையில் வந்து விழும்.