குப்பைமேனிச் சாறு சோதனையில் சிக்கல்: உதவி வேண்டும்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணிலிருந்து பிரித்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இரண்டு பாக்டீரியாக்களின் மீதும் குப்பைமேனி இலைச் சாற்றைச் சோதிக்கிறேன். இந்தப் புண்ணால்தான் என் பெரியம்மாவின் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். அதனால் பாதியில் விட மனம் வரவில்லை.

நிழலில் உலர்த்திய இலையை மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்து, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தேன். பாக்டீரியா வளர்க்கும் முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் 6 மி.மீ. குழி, அதில் சாறு, 37 டிகிரியில் ஒரு நாள். ஸ்டஃபைலோகாக்கஸ் தட்டில் குழியைச் சுற்றித் தெளிவான வளையம், அதாவது அங்கே பாக்டீரியா வளரவில்லை. சூடோமோனாஸ் தட்டில் மூன்று முறையும் ஒன்றுமே இல்லை. அதன் வெளிச்சவ்வு பல மருந்துகளையே உள்ளே விடாது, சரி. ஆனால் பச்சையம் நிறைந்த சாறு அகாரில் பரவாமல் குழியிலேயே தங்கிவிடுகிறதோ என்றும் சந்தேகம்.

அடுத்து 96 சிறு குழிகள் கொண்ட தட்டில், உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ரெசசூரின் சாயம் சேர்த்துப் பார்க்கலாமென்று இருக்கிறேன். சாறே கரும்பச்சை, நீலம் இளஞ்சிவப்பாவது கண்ணுக்குத் தெரியுமா? ஹெக்சேன் என்ற கரைப்பானால் பச்சையத்தை முதலில் நீக்கினால் வேலை செய்யும் பொருளும் கூடவே போய்விடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், செடிக்குத் தாவர அடையாளச் சான்று பெங்களூரில் எங்கே வாங்கினீர்கள்?